டி.டி.யில் மேட்ச் உண்டு, நம் வீட்டு கேபிளில் இல்லை

இந்தியா ஆடும் ஒரு நாள் ஆட்டம். அந்த மாதம் ஸ்போர்ட்ஸ் பேக் போடவில்லை. "டி.டி.யில சும்மாவே போடுவானே" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். ரிமோட்டைத் தட்டி டி.டி. ஸ்போர்ட்ஸைப் பிடித்தால், எப்போதோ நடந்த ஒரு போட்டியின் மறுஒளிபரப்பு ஓடிக்கொண்டிருக்கும். இல்லையென்றால் நேரலை டி.டி. ஃப்ரீ டிஷ்ஷில் (தூர்தர்ஷனின் சந்தா இல்லாத டிஷ் சேவை) மட்டும் என்று ஓர் அறிவிப்பு நிற்கும். கேபிள்காரருக்குப் போன் போட்டால், "நம்ம கையில ஒண்ணும் இல்லண்ணே, மேலயே கட் ஆயிருது" என்பார். தட்டிக்கழிக்கிறார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அவர் சொல்வது அப்பட்டமான உண்மை.

விளையாட்டைக் காசு கொடுத்துப் பார்ப்பதா, சும்மா பார்ப்பதா என்கிற பேச்சு நம்மிடையே எப்போதும் நியாய அநியாய வழக்காகவே போகிறது. கிரிக்கெட் வாரியத்துக்குப் பேராசை, சேனல்காரன் கொள்ளையடிக்கிறான் என்பது ஒரு கட்சி. தரமான படம் வேண்டுமென்றால் காசு அவிழ்க்கத்தானே வேண்டும் என்பது மறு கட்சி. இந்த இரண்டு கட்சியிலும் எனக்குச் சேர முடியவில்லை. ஏனென்றால் இந்திய அணியின் ஒரு நாள், இருபது ஓவர் ஆட்டங்கள் காசில்லாமல் மக்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நாடாளுமன்றம் 2007-லேயே சட்டம் போட்டுவிட்டது. அந்தச் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. அதன்படி சிக்னலும் கைமாறுகிறது. அப்புறமும் தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளுக்கு அது வந்து சேரவில்லை. ஆகவே கேள்வி, அந்தச் சிக்னல் எந்த வழியாகப் போகிறது, எந்த இடத்தில் நிற்கிறது என்பதுதான்.

சட்டம் வந்த வழி

1993 ஹீரோ கோப்பை நினைவிருப்பவர்களுக்குக் கடைசி ஓவரில் சச்சின் பந்து வீசியது நினைவிருக்கும். திரைக்குப் பின்னால் அப்போது இன்னொரு ஆட்டம் நடந்தது. வங்காள கிரிக்கெட் சங்கம் ஒளிபரப்பு உரிமையை டி.டபிள்யூ.ஐ. என்ற வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கொடுத்தது. தூர்தர்ஷன் முரண்டு பிடித்தது. கேமரா கருவிகள் சுங்கத் துறையிடம் மாட்டிக்கொண்டன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1995 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. அலைவரிசை பொதுச்சொத்து, அதில் அரசுக்கு ஏகபோகம் கிடையாது என்று நீதிமன்றம் சொன்னது. தனியார் விளையாட்டுச் சேனல்களுக்கு அதோடு வாசல் திறந்தது.

அடுத்த பத்தாண்டு முழுக்க உரிமை ஒருவரிடம், மக்கள் இன்னொருவரிடம் என்ற இழுபறிதான். 2004 பாகிஸ்தான் சுற்றுப்பயணத்தில் உரிமை டென் ஸ்போர்ட்ஸிடம் இருந்தது. நீதிமன்றம் தலையிட்டு, டென் ஸ்போர்ட்ஸின் விளம்பரங்களோடேயே தூர்தர்ஷனில் காட்ட வைத்தது. 2007 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகள் அணி இங்கே வந்தபோது உரிமை நிம்பஸ் நிறுவனத்திடம். டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு சமரசம் கண்டுபிடித்தது: ஏழு நிமிடம் தாமதமாக தூர்தர்ஷன் காட்டலாம். விக்கெட் விழுந்து பக்கத்துத் தெருவில் பட்டாசு வெடித்து ஓய்ந்த பிறகு, தூர்தர்ஷனில் பந்துவீச்சாளர் ஓடி வர ஆரம்பிப்பார். அந்த ஏழு நிமிடக் கூத்து யாருக்கும் பிடிக்கவில்லை. அடுத்த மாதமே அவசரச் சட்டம் வந்தது. பிறகு அது முழுச் சட்டமாயிற்று.

சட்டத்தின் சாரம் மூன்றாம் பிரிவில் இருக்கிறது. தேச முக்கியத்துவம் வாய்ந்ததாக அறிவிக்கப்பட்ட போட்டியைக் கேபிளிலோ, வீட்டு டிஷ் வழியே வரும் டி.டி.எச்.சிலோ நேரலையாகக் காட்டும் எவரும், அதே நேரத்தில், தங்கள் விளம்பரம் இல்லாமல், அந்தச் சிக்னலை, தூர்தர்ஷனையும் அகில இந்திய வானொலியையும் நடத்தும் பிரசார் பாரதிக்குக் கொடுக்க வேண்டும். பிரசார் பாரதி தன் விளம்பரங்களைப் போட்டுச் சம்பாதிக்கலாம். தொலைக்காட்சி வருமானத்தில் குறைந்தது 75 சதவீதம் உரிமைக்காரருக்கு, மீதி பிரசார் பாரதிக்கு. வானொலிக்குப் பாதிக்குப் பாதி. ஆகவே இது ஓசியில் பிடுங்குவது அல்ல, விளம்பர வருமானத்தைப் பங்கு பிரிப்பது. "விளம்பரம் இல்லாமல்" என்ற சொல்லை வைத்தே ஒரு தனி வழக்கு நடந்தது. ஓவருக்கு நடுவே ஓடும் விளம்பரத்தை எடுத்துவிட்டு, திரையின் ஓரத்தில் ஸ்கோரோடு ஒட்டிக்கொண்டு வரும் கம்பெனிப் பெயரை மட்டும் விட்டுவைக்கலாமா என்பது கேள்வி. உரிமை வைத்திருக்கும் சேனல் தானாகச் செருகும் அந்தப் பெயரும் விளம்பரம்தான், அதையும் எடுத்துவிட்டே கொடுக்க வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தேச முக்கியத்துவம் வாய்ந்தவை என்று அரசு அறிவித்த பட்டியலில் எது உண்டு, எது இல்லை என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. ஆண்கள் இந்திய அணியின் எல்லா ஒரு நாள், இருபது ஓவர் ஆட்டங்களும் உண்டு. டெஸ்ட் எல்லாம் வராது. அரசு முக்கியம் என்று கருதுகிறவை மட்டும். ஆகவே சேப்பாக்கத்தில் டெஸ்ட் நடந்தாலும் தூர்தர்ஷனில் வரும் என்று உறுதி கிடையாது. உலகக் கோப்பை அரையிறுதி, இறுதி இரண்டும், இந்தியா ஆடாவிட்டாலும் உண்டு. கால்பந்து உலகக் கோப்பையில் தொடக்க ஆட்டமும் காலிறுதியிலிருந்து மேலேயும் உண்டு. டென்னிஸ் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் இறுதிகள், டேவிஸ் கோப்பையில் இந்தியா, ஹாக்கி உலகக் கோப்பையில் இந்தியா எல்லாம் உண்டு. ஐ.பி.எல். இல்லை. தோனி ஆடுகிறார் என்பது சட்டத்தின் கண்ணில் தேச முக்கியத்துவம் ஆகாது. சென்னை ரசிகர்கள் கோபித்துக்கொள்ளலாம், ஆனால் அது தனியார் அணிகளின் போட்டி. பட்டியலில் சேர்க்காதது சரி என்றே நான் நினைக்கிறேன்.

2017 ஆகஸ்ட் 22

எல்லாம் மாறிய நாள் இது. செய்தித்தாள்களின் உள்பக்கத்தோடு போய்விட்டதால் நிறையப் பேருக்கு இப்படி ஒரு தீர்ப்பு வந்ததே தெரியாது.

மூன்றாம் பிரிவைக் கூர்ந்து படித்தால், பிரசார் பாரதி அந்தச் சிக்னலைத் "தன் தரைவழி ஒளிபரப்பிலும் தன் டி.டி.எச்.சிலும்" மறுஒளிபரப்புச் செய்வதற்காக என்று இருக்கும். கேபிள் என்ற பேச்சே அங்கே இல்லை. ஆனால் 1995-ஆம் ஆண்டு கேபிள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் எட்டாம் பிரிவு இன்னொரு கட்டளை போடுகிறது: அறிவிக்கப்பட்ட தூர்தர்ஷன் சேனல்களை ஒவ்வொரு கேபிள்காரரும் கட்டாயம் காட்ட வேண்டும். இரண்டும் சேர்ந்தபோது என்ன ஆயிற்று? தூர்தர்ஷனுக்குப் போன கிரிக்கெட், தூர்தர்ஷனோடு ஒட்டிக்கொண்டு எல்லாக் கேபிள் வீடுகளுக்கும் போயிற்று. ஒரே கேபிளில், ஒரே ரிமோட்டில், ஓர் எண்ணில் காசு கட்டிய மேட்ச். இன்னோர் எண்ணில் அதே மேட்ச் சும்மா. 2007-லிருந்து பத்து வருடம் நாம் பார்த்தது அப்படித்தான்.

உரிமைக்கு ஆயிரக்கணக்கான கோடி கொடுத்தவர்கள் சும்மா இருப்பார்களா? வாரியமும் சேனல்களும் டெல்லி உயர் நீதிமன்றம் போனார்கள். சட்டம் சொன்னபடி தூர்தர்ஷனின் சொந்த வழிகளுக்குத் தருகிறோம், எங்கள் சந்தாதாரரின் கேபிளுக்குள்ளேயே எங்கள் சரக்கைச் சும்மா விடச் சட்டம் எங்கே சொல்கிறது என்பது வாதம். 2015 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் உலகக் கோப்பை தொடங்கும் நேரம் அது. உச்ச நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்திவைத்ததால் அந்தக் கோப்பையைக் கேபிள் வீடுகள் வழக்கம்போல் தூர்தர்ஷனில் பார்த்தன. இரண்டரை வருடம் கழித்து, 2017 ஆகஸ்ட் 22 அன்று, நீதிபதிகள் ரஞ்சன் கோகோய், நவீன் சின்ஹா அமர்வு உயர் நீதிமன்றம் சொன்னதே சரி என்று முடித்துவிட்டது.

தீர்ப்பைச் சட்ட வாசிப்பாக எடுத்துக்கொண்டால் குறை சொல்ல எனக்கு இடம் தெரியவில்லை. ஒருவர் காசு கொடுத்து வாங்கிய உரிமையில் கை வைக்கும் சட்டத்தை, எழுதியிருக்கிற அளவுக்கு மேல் இழுத்துப் படிக்க முடியாது. இடறியது 2007-ல் அதை எழுதியவர்கள். கேபிள் வைத்திருப்பவன் காசு கட்டக் கூடியவன், மொட்டை மாடி ஆன்டெனாவை நம்பியிருப்பவன்தான் ஏழை என்ற கணக்கு அந்த வாசகத்துக்குள் ஒளிந்திருக்கிறது. அன்றைக்கு வட இந்தியக் கிராமங்களைப் பொறுத்தவரை அது பெருமளவு உண்மை. தமிழ்நாட்டுக்கு அது எப்போதுமே பொருந்தியதில்லை. இங்கே குடிசை வீட்டிலும் கேபிள்தான். 2011-ல் அரசு கேபிள் புத்துயிர் பெற்றபோது மாதம் 70 ரூபாய். எழுபது ரூபாய் கேபிள் எடுக்கும் வீட்டை, தன் வழிக்குக் காசு கட்டிக்கொள்ளும் வீடு என்று ஒதுக்கிவிட்டது சட்டம்.

தீர்ப்புக்குப் பிறகு தூர்தர்ஷன் தன் ஒளிபரப்பை இரண்டாகப் பிரித்தது. டெல்லி தோடாபூர் நிலையத்திலிருந்து ஃப்ரீ டிஷ்ஷுக்கு ஏறும் சிக்னலில் மேட்ச் இருக்கும். கேபிள் கன்ட்ரோல் ரூம்களும் தனியார் டி.டி.எச். நிறுவனங்களும் எடுக்கும் சிக்னலில், மேட்ச் நேரத்தில் வேறு நிகழ்ச்சி. உங்கள் ஊர் கேபிள்காரர் வாங்குவதே இந்த இரண்டாவதைத்தான். "மேலயே கட் ஆயிருது" என்பதன் பொருள் இதுதான். ஃப்ரீ டிஷ் பெட்டி ஒன்றைக் கன்ட்ரோல் ரூமில் வைத்து அதன் படத்தை எடுத்துக் கேபிளில் விடுவது தொழில்நுட்பமாக அரை மணி வேலை. ஆனால் அது உரிமை மீறல்; சேனல்களின் ஆட்கள் ஊர் ஊராகக் கேபிளைக் கண்காணிக்கிறார்கள், மாட்டினால் இணைப்பே போகும். ஆகவே அவரை வற்புறுத்துவதில் பயன் இல்லை.

இதைச் சரிசெய்ய மத்திய அரசே 2018 அக்டோபரில் ஒரு திருத்த வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. தூர்தர்ஷன் சேனல் கட்டாயமாகப் போகும் எல்லா வழிகளிலும் பகிர்ந்த சிக்னலும் போகலாம் என்பதுதான் அதன் உள்ளடக்கம். அது சட்டமாகவில்லை.

இந்தி ஊர்களின் டிஷ்

சட்டம் சொல்லும் இரண்டு வழிகளில் தரைவழி இப்போது பெயருக்குத்தான். கொடைக்கானல் கோபுரத்தை நோக்கி ஆன்டெனாவைத் திருப்பிய தலைமுறைக்கு அது பழங்கதை. பழைய அனலாக் டிரான்ஸ்மிட்டர்களைப் பிரசார் பாரதி 2021, 2022 வாக்கில் மூட்டை கட்டிவிட்டது. மிஞ்சியிருப்பது ஃப்ரீ டிஷ் ஒன்றுதான்.

2004 டிசம்பரில் டி.டி. டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கிய சேவை அது. மாதச் சந்தா கிடையாது, ரீசார்ஜ் கிடையாது. நாடு முழுக்க நான்கு கோடி வீடுகளுக்கு மேல் இருப்பதாகத் துறையின் மதிப்பீடுகள் சொல்கின்றன. அதில் தமிழ்நாட்டு வீடுகள் சொற்பம். காரணம் தேட வேண்டியதில்லை. ஃப்ரீ டிஷ்ஷில் தனியார் சேனல்கள் ஏலத்தில் இடம் பிடிக்கின்றன. ஏலத்துக்கு வருபவை பெரும்பாலும் இந்திப் படச் சேனல்கள், இந்திச் செய்திகள், போஜ்புரி. சன் டி.வி., விஜய், ஜீ தமிழ் எல்லாம் கட்டணச் சேனல்கள். சும்மா காட்டும் இடத்துக்கு அவை வராது. டி.டி. தமிழ் இருக்கிறது. டி.டி. தமிழுக்காக மட்டும் யார் மொட்டை மாடியில் டிஷ் நடுவார்? ராத்திரி சீரியல் இல்லாத பெட்டியை எந்த வீடும் ஏற்காது. ஆக, உத்தரப் பிரதேசத்தில் ஒரு கிராமத்து வீடு இந்தியா ஆடும் ஒவ்வோர் ஒரு நாள் ஆட்டத்தையும் பைசா செலவில்லாமல் பார்க்கிறது. அதே வரி கட்டும், அதே சட்டத்துக்கு உட்பட்ட உசிலம்பட்டி வீடு பார்க்க முடியவில்லை. இதில் யாருடைய சதியும் இல்லை. மொழிச் சந்தையும் ஒரு சட்ட வாசகமும் சேர்ந்து செய்த வேலை.

டிஷ் வைப்பதென்றால்

கேபிளை எடுக்க வேண்டாம். கேபிள் ஒரு பக்கம் ஓடட்டும். ஃப்ரீ டிஷ் பெட்டி டி.வி.யின் இன்னொரு எச்.டி.எம்.ஐ. துளையிலோ, மஞ்சள்–சிவப்பு–வெள்ளை ஏ.வி. துளையிலோ இருக்கட்டும். மேட்ச் அன்று ரிமோட்டில் சோர்ஸ் மாற்றினால் போதும். தேவையானவை: 60 செ.மீ. டிஷ், ஒரு கே.யூ. பேண்டு எல்.என்.பி. (டிஷ்ஷுக்கு முன்னால் நின்று சிக்னலை வாங்கும் தலை), ஆர்.ஜி.-6 வயர், சந்தா இல்லாத சேனல்களைக் காட்டும் ஒரு ஃப்ரீ டு ஏர் பெட்டி. எல்லாம் சேர்த்துப் பொருத்துக் கூலியோடு இரண்டாயிரம் ரூபாய்க்கு அக்கம்பக்கம் முடிந்துவிடும். படத்தைச் சுருக்கி அனுப்பும் முறைகளில் பழைய எம்பெக்-2 மட்டும் படிக்கும் மலிவான பெட்டியை வாங்காதீர்கள். கொஞ்சம் கூடப் போட்டு எம்பெக்-4-ம் படிக்கும் பெட்டியாக வாங்கினால் பின்னால் அவதி இல்லை.

செயற்கைக்கோள் ஜிசாட்-15, கிழக்கு 93.5 டிகிரி. சென்னையிலிருந்து பார்த்தால் அது வடக்கிலிருந்து வலஞ்சுழியாக ஏறத்தாழ 134 டிகிரியில், அதாவது நேர் தென்கிழக்கில் இருக்கிறது. மதுரைக்கு 122 டிகிரி, இன்னும் கொஞ்சம் கிழக்கே சாயும். இரண்டு ஊருக்குமே வானத்தில் உயரம் சுமார் 68 டிகிரி. போன் திசைகாட்டி போதும், ஆனால் கம்பத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரும்பு அதை இழுத்துவிடும். நாலடி தள்ளி நின்று பாருங்கள். பக்கத்து வீட்டு டாடா ப்ளே டிஷ்ஷைப் பார்த்து வைப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. அது 83 டிகிரியைப் பார்க்கிறது. சென்னையிலிருந்து அது கிட்டத்தட்ட நேர் தெற்கு. சன் டைரக்ட் டிஷ் கண்ணில் பட்டால் அதைப் பார்த்து வையுங்கள், திசை மிக அருகில் வந்துவிடும்.

68 டிகிரி என்றதும் டிஷ்ஷை மல்லாக்கப் படுக்க வைத்துவிடுகிறார்கள். நம் டிஷ்கள் ஆஃப்செட் வகை, எல்.என்.பி. கீழிருந்து நீளும் கையில் இருக்கும். அதனால் டிஷ்ஷின் முகம் உண்மையான கோணத்தைவிட இருபத்தைந்து டிகிரி போலக் குறைவாகவே நிமிர்ந்திருக்கும். பின்னால் அளவு கோடு இருந்தால் அதை நம்புங்கள், கண்ணை நம்பாதீர்கள். அதற்கு முன்னால் ஒன்று: கம்பம் தூக்குக்குண்டு வைத்துப் பார்த்தபடி நேராக நிற்க வேண்டும். கம்பம் சாய்ந்திருந்தால் டிஷ்ஷை இடம் வலமாகத் திருப்பும்போது உயரமும் கூடவே மாறும். நாள் முழுக்கத் திருப்பினாலும் சிக்னல் சிக்காது.

பெட்டியின் மெனுவில் எல்.என்.பி. அலைவரிசை 9750/10600, சிம்பல் ரேட் 29500. திரையில் இரண்டு பட்டைகள் தெரியும், ஸ்ட்ரென்த், குவாலிட்டி. ஸ்ட்ரென்த் என்பது வயரும் எல்.என்.பி.யும் உயிரோடு இருப்பதைத்தான் சொல்லும். டிஷ் சுவரைப் பார்த்தாலும் அது எண்பது காட்டலாம். குவாலிட்டி ஏறினால்தான் சரியான செயற்கைக்கோள். ஸ்ட்ரென்த் இருந்து குவாலிட்டி பூஜ்யமென்றால் டிஷ் வேறெங்கோ பார்க்கிறது. உயரத்தை நிறுத்திவிட்டு இடம் வலமாக மெல்ல, ஒவ்வொரு அசைவுக்கும் இரண்டு மூன்று விநாடி நின்று நகர்த்துங்கள். பெட்டி சிக்னலைப் பூட்ட நேரம் எடுக்கும், வேகமாகத் திருப்பினால் தாண்டிப் போய்விடும். குவாலிட்டி ஓரளவு வந்ததும் எல்.என்.பி.யை அதன் பிடிக்குள் கடிகார முள்போல் கொஞ்சம் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். எது உச்சமோ அங்கே இறுக்குங்கள்.

சேனல்களில் பாதி வந்து பாதி வராவிட்டால் திசைக் குற்றமாகத்தான் இருக்கும் என்றில்லை. பெட்டி 13 வோல்ட், 18 வோல்ட் என்று மாற்றி மாற்றி அனுப்பித்தான் எல்.என்.பி.யைச் செங்குத்து அலைக்கும் கிடை அலைக்கும் திருப்புகிறது. ஒரு எல்.என்.பி.யிலிருந்து சாதாரண ஸ்ப்ளிட்டர் போட்டு இரண்டு பெட்டிக்கு இழுத்திருந்தால், ஒரு பெட்டி 13 கேட்கும்போது மறுபெட்டி 18 கேட்டால், ஒன்றின் சேனல்களை மற்றொன்று விழுங்கும். இரண்டு டி.வி. என்றால் இரட்டை வாய் எல்.என்.பி. வாங்குங்கள். வைத்த புதிதில் நன்றாக இருந்து, ஐப்பசி மழைக்குப் பிறகு படம் கட்டம் கட்டமாக உடைந்தால், எல்.என்.பி. முனையில் இருக்கும் எஃப் கனெக்டருக்குள் தண்ணீர் போயிருக்கும். வயரை வெட்டிப் புதுசாகச் செருகி, ரப்பர் டேப் சுற்றி, வயர் கீழ்நோக்கி ஒரு வளைவு போட்டுப் பிறகு மேலே ஏறுகிற மாதிரி விடுங்கள். தென்கிழக்கில் தென்னை இருந்தால் இன்றைக்கு மறைக்கவில்லையே என்று விடாதீர்கள். காற்றில் ஆடும் மட்டை ஒவ்வொரு ஓவருக்கும் ஒரு தடவை படத்தை வெட்டும். சேனல் திடீரென்று காணாமல் போனால் பதற வேண்டாம். ஏலம் முடிந்து இடங்கள் மாறியிருக்கும். ஆட்டோ ஸ்கேன் போட்டால் வந்துவிடும்.

இரண்டு வகை இலவசம்

"இப்பல்லாம் யாருங்க டி.டி. பாக்குறா, போன்லயே ஃப்ரீயா வருதே" என்று 2023-ல் சொன்னவர்கள் நிறைய. அந்த வருடம் ஐ.பி.எல். ஜியோ சினிமாவில் சும்மா ஓடியது. இறுதி ஆட்டத்தை ஒரே நேரத்தில் 3.2 கோடிப் பேர் பார்த்தார்கள். போட்டியாளர் விடுவாரா? அதே ஆண்டு உலகக் கோப்பையை ஹாட்ஸ்டார் கைபேசியில் இலவசமாக்கியது. இந்தியா தோற்ற அந்த இறுதி ஆட்டத்தில் எண்ணிக்கை 5.9 கோடிக்குப் போயிற்று. இரண்டு பேரும் ஆள் சேர்க்கும் போட்டியில் இருந்தார்கள். 2025 பிப்ரவரியில் இருவரும் ஒன்றானதும் போட்டி முடிந்தது. அடுத்த மாதம் தொடங்கிய ஐ.பி.எல்.லுக்குச் சந்தாவோ, குறிப்பிட்ட தொகைக்கு மேல் ரீசார்ஜோ தேவைப்பட்டது. நிறுவனம் தரும் இலவசத்தை நிறுவனமே எடுத்துக்கொள்ளலாம், யாரிடமும் கேட்க வேண்டாம். சட்டம் தரும் இலவசம் சின்னத் திரையில் மங்கலாகத் தெரிந்தாலும் அதை எடுக்கச் சட்டத்தையோ அரசின் அறிவிப்பையோ மாற்ற வேண்டும். தூர்தர்ஷனைக் கிண்டல் செய்பவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை. இன்னொன்று, 2007 சட்டத்தில் இணையம் என்ற பேச்சே இல்லை. செயலிக்காரர் செயலி வழியே எதையும் பகிரக் கடமைப்பட்டவர் அல்லர்.

சந்தா வாங்குபவர்கள் பக்கமும் பார்த்துவிடலாம். 2023 முதல் 2027 வரை ஐ.பி.எல். உரிமை மொத்தம் 48,390 கோடிக்குப் போனது; தொகுப்பில் சொல்லப்பட்ட 410 ஆட்டங்களுக்கு வகுத்தால் ஆட்டம் ஒன்றுக்கு 118 கோடி. இதை நம் சந்தாவில் மட்டும் எடுக்க முடியாது. பொதியில் சேர்க்கும் சேனலின் தனிவிலை 19 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) கட்டுப்பாடு இருக்கிறது. ஆகவே நாம் காசு கட்டிப் பார்க்கும்போதும் பெரும்பங்கை விளம்பரதாரர்தான் கட்டுகிறார். இங்கிலாந்தில் கதை வேறு. 2005-ல் ஆஸ்திரேலியாவோடு ஆடிய ஆஷஸ் டெஸ்ட் தொடர் சேனல் ஃபோரில் இலவசமாக வந்தபோது உச்சத்தில் 84 லட்சம் பேர் பார்த்தார்கள். அடுத்த ஆண்டிலிருந்து எல்லாம் ஸ்கையின் கட்டணச் சேனலுக்குப் போயிற்று. 2009 ஆஷஸுக்கு உச்சமே சுமார் 19 லட்சம்தான். அங்கே சந்தா தடிமனாக இருப்பதால் பார்வையாளர் குறைந்தாலும் வாரியம் பிழைத்தது. நம் நாட்டில் விளம்பரத்துக்குத் தலை எண்ணிக்கை வேண்டும். முழுக்கக் கதவடைத்தால் அவர்களுக்கே நட்டம். அதனால்தான் இங்கே கட்டணம் எப்போதும் இப்படி அரைக்கதவாகவே இருக்கிறது.

செயலியில் பார்ப்பவர்கள் சந்தாவை மட்டும் கணக்குப் போடுகிறார்கள், டேட்டாவை விட்டுவிடுகிறார்கள். வினாடிக்கு 5 மெகாபிட் ஓடும் தெளிவான படம் மணிக்கு 2.25 ஜி.பி. தின்னும். ஓர் இருபது ஓவர் ஆட்டம் மூன்றே முக்கால் மணி நேரம் என்றால் எட்டு ஜி.பி.க்கு மேல். நாளுக்கு 2 ஜி.பி. பேக்கில் இருப்பவருக்கு முதல் இன்னிங்ஸ் முடிவதற்குள் தீர்ந்துவிடும். தரத்தை 1 மெகாபிட்டுக்கு இறக்கினால் முழு ஆட்டமும் 1.7 ஜி.பி.யில் அடங்கும்; போன் திரைக்கு அது போதும், 43 அங்குல டி.வி.யில் பந்து தெரியாது. தாமதமும் உண்டு. செயலிப் படம் டிஷ் படத்தைவிட அரை நிமிடம் வரை பின்னால் வரும். பக்கத்து வீட்டில் கேபிள் இருந்தால் கடைசி ஓவரில் அவர்கள் போடும் சத்தமே உங்களுக்கு முடிவைச் சொல்லிவிடும்.

ஐ.பி.எல். மட்டும் வேண்டும் என்பவர்கள் கேபிள்காரரிடம் பேக் பெயரைச் சொல்லாதீர்கள், சேனல் பெயரைச் சொல்லுங்கள். எந்தக் கட்டணச் சேனலையும் தனியாகக் கேட்டு வாங்கலாம் என்பது டிராய் விதி. "அப்படி வராதுண்ணே, பேக்காத்தான் வரும்" என்பார், வரும். ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழை மட்டும் இரண்டு மாதத்துக்குப் போட்டால், அந்த 19 ரூபாய் உச்சவரம்பிலேயே கணக்குப் பார்த்தாலும் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 45 ரூபாய்க்குள் முடியும். 2025-ல் தொடங்கியபோது ஜியோ ஹாட்ஸ்டாரின் மலிவான கைபேசித் திட்டமே மூன்று மாதத்துக்கு 149 ரூபாய், அதுவும் ஒரே ஒரு போனில். இறுதி ஆட்டம் முடிந்த மறுநாள் கேபிள்காரருக்குப் போன் போட்டு அந்தச் சேனலை எடுக்கச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அடுத்த மாதம் ரீசார்ஜில் அது தானாகவே ஏறி உட்கார்ந்திருக்கும்.